மனைவி ஊரில் இல்லாத வீட்டை ஆள்வது எப்படி?

மகளின் பிரசவத்துக்காக மனைவியை நியூஜெர்சிக்கு விமானம் ஏற்றிவிட்டு, மீனம்பாக்கத்திலிருந்து தனியே வீடு திரும்பும் ஓய்வுபெற்ற கணவன்மார்களுக்கு மட்டுமான கையேடு இது. மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள், பொறுத்துக்கொள்ளவும்.

வீட்டுக்குள் நுழைந்ததும், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளை எடுத்து பீரோவில் வையுங்கள். பால் கார்டு, தண்ணீர் கேன், இட்லி மாவை எப்போது வெளியே எடுப்பது, பருப்புக்கு எத்தனை விசில் என்று சகலமும் அதில் இருக்கும். பணிக்காலம் முழுக்க அடுத்தவருக்குச் சுற்றறிக்கை அனுப்பியவர் நீங்கள். ஒரு நோட்டுத் தாளுக்குக் கீழே வேலை பார்ப்பது தகாது.

அடுத்தது ரிமோட். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்தரை மணி வரை அது உங்கள் கைக்கு வந்து எத்தனை காலம் ஆகிறது! இனி விவாத நிகழ்ச்சியை முழுதாகப் பார்க்கலாம். நாலு கட்டத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசுவார்கள். நடுவில் இருப்பவர் எல்லாரையும்விடச் சத்தமாக, ஒருவர் ஒருவராகப் பேசும்படி கேட்டுக்கொள்வார். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த காலத்து ஆட்கள் நாம். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க டிவி இருக்கிற வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தோம். செய்தி வாசிப்பவர் அன்றைக்கு ஒரே குரலில், போர் என்றாலும் வெள்ளம் என்றாலும் மழை நிலவரம் சொல்வது போலத்தான் சொல்வார். இப்போது மழை நிலவரத்தையே போர் போலச் சொல்கிறார்கள். திரையில் ‘சற்றுமுன்’ என்று சிவப்புப் பட்டை ஓடினால் பதற வேண்டாம். காலையில் பல் துலக்கும்போது ஓடியதும் அதே சற்றுமுன்தான். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அடியில் ஓடும் வரியை மட்டும் படித்தால், அரை மணி நேரச் செய்தி காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் அப்படிச் செய்தால் மீதிப் பொழுதை என்ன செய்வது என்ற கேள்வி வரும். எனவே சத்தமாகவே வையுங்கள்.

எட்டு மணிக்கு உங்கள் கை தானாக சீரியல் சேனலுக்குப் போகும். குற்ற உணர்வு வேண்டாம். ‘அவள் வந்து கதை கேட்பாளே’ என்று ஒரு காரணம் இருக்கிறது. அவர் அங்கே மொபைலிலேயே தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

இப்போது சமையல். ஆரம்பத்திலேயே சாம்பாரில் இறங்குவதுதான் வீரம். சின்ன வெங்காயம் உரிக்க முழுமுக ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கண் எரியத்தான் செய்யும், வாயு கீழே இருக்கிற இடைவெளி வழியாக வந்துவிடும். ஆனாலும் யாரும் அழுகையைப் பார்க்க முடியாது. எதிர் வீட்டு அக்கா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “சார், எங்கயாவது கிளம்புறீங்களா?” என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். தாளிக்கும்போதும் ஹெல்மெட் கழற்ற வேண்டாம். ஈரம் காயாத வாணலியில் எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

குக்கர் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி வரை சூடாகிறது, பருப்பு சீக்கிரம் வேகும் ரகசியம் அதுதான். கூடுதல் அழுத்தம் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிற சத்தத்தைத்தான் நாம் விசில் என்கிறோம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். தமிழ்நாட்டில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? விசில்தான் கணக்கு. நீங்கள் டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்பதால் வந்தது மூன்றா நாலா என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் மனைவி வருவார். அங்கே காலை, கையில் பேரக்குழந்தை. “என்னங்க, அது நாலாவது விசில். அணைங்க மொதல்ல.” இரண்டு கடல்களுக்கு அப்பாலிருந்து விசில் எண்ணும் ஆளிடம் வாதாடக் கூடாது. அணைத்துவிட்டு வந்து, “நானே அணைக்கப் போனேன்” என்று சொல்லுங்கள்.

குக்கரை மூடுவதற்கு முன் மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடுவிலுள்ள குழாய் வழியே மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். பருப்பு நுரைத்துப் பொங்கும். ஒரு தோல் போய் அடைத்துக்கொண்டால் விசிலே வராது. பருப்பும் தண்ணீரும் சேர்ந்து பாதிப் பாத்திரத்தைத் தாண்டக் கூடாது. மூடியில் ஓர் ஓரமாகப் பொத்தான் போல இருப்பது பாதுகாப்பு வால்வு. தண்ணீர் வற்றிச் சூடு மீறினால் அதிலிருக்கும் உலோகம் உருகி வழிவிடும். உருகிவிட்டால் அதே கம்பெனி வால்வை வாங்கி மாட்டுங்கள். ஆணியைச் செருகி அடைக்கிற பொறியாளர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

சிலிண்டர் வந்தால் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் குனிந்து பாருங்கள். பி-27 என்பது போல எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், பக்கத்தில் ஆண்டு. அதற்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். சமையல் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்று நாற்றத்துக்காகவே ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். டிவியில் சிவப்புப் பட்டையோடு கத்துகிறதெல்லாம் நம்மை ஒன்றும் செய்வதில்லை. செய்யக்கூடியது இப்படிச் சத்தமில்லாமல் காலடியில் கிடக்கும்.

செய்தி வாட்ஸ்அப்பிலும் வரும். இரட்டை அம்புக்குறி இருந்தால் ஊர் சுற்றி வந்தது என்று அர்த்தம். 2018-இல் குழந்தை கடத்தல் புரளியை நம்பி, போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை, பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொன்றார்கள். நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். ஐந்தும் அதிகம் என்பது என் கட்சி. ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ராத்திரி போன் ‘இதே நாளில்’ என்று பழைய படங்களை எடுத்துப் போடும். பின்னணியில் வயலின் இசை. கன்னியாகுமரியில் நீங்கள், குற்றாலத்தில் நீங்கள், நடுவில் உருகும் வயலினோடு ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஒரு முட்டிவலித் தைலத்தின் விலைப்பட்டியல். அதற்கு எல்லாமே நினைவுதான். எல்லாப் படத்திலும் நீங்களே இருக்கக் காரணம், படம் எடுத்தவர் மனைவி. போய்ச் சேர்ந்த நண்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்படியும் ஃபேஸ்புக் நினைவூட்டும். பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், சேதி தெரியாத யாரோ ‘நூறாண்டு வாழ்க’ என்று போட்டிருப்பார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

வெளியே காய்கறி வாங்கப் போகும்போது அதே ஹெல்மெட். வெங்காய நாற்றம் இருந்தால் உள்துணியைக் கழற்றித் துவைக்கலாம். 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது நடைபாதையில் கிண்ணம் போன்ற ஒன்றை வாங்கினீர்களே, அதைச் செடி வைக்கப் பயன்படுத்துங்கள். ஐஎஸ்ஐ ஸ்டிக்கரும் தனியாகக் கிடைக்கும் ஊர் இது. அடியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற அடுக்கு. ஒருமுறை பலமாக அடிபட்டால் அது நசுங்கிவிடும். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் ஹெல்மெட்டை மாற்ற வேண்டும். தாடைப் பட்டையை மாட்டுங்கள். மாட்டாவிட்டால் விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் போவீர்கள். பெட்ரோல் டேங்கின்மேல் வைத்து ஓட்டிவிட்டு போலீஸைக் கண்டதும் தலைக்கு மாற்றும் வித்தை உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். 2022 முதல் அந்த வித்தை தவறினால் 1000 ரூபாய்.

மனைவி திரும்பி வரும் வாரம்: அடிப்பிடித்த குக்கரில் தண்ணீரும் புளியும் போட்டுக் கொதிக்கவிட்டு இரவு முழுக்க ஊற வையுங்கள், பாதி கருப்பு போய்விடும். மீதி கருப்பு வாங்கும்போதே இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். அஞ்சறைப்பெட்டியில் கடுகும் வெந்தயமும் கலந்திருந்தால் சீரியல் விளம்பர இடைவேளையில் பொறுக்கலாம். சீரகமும் சோம்பும் கலந்திருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கு இந்தக் கையேட்டில் வழி இல்லை.