பத்திரமான பயம்

சிங்கப்பூர்,
கார்த்திகை மாதம், விடாத மழை.

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அங்கே நீங்கள், அக்கா, பிள்ளைகள், அப்பத்தா, ஆடு மாடு எல்லாரும் நலம்தானே? உங்கள் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நம்ம கம்மாய்க்கு மேலே கம்பி கட்டி ஆளைத் தொங்கவிட்டு அக்கரைக்கு அனுப்பலாம், நார்த்தாமலையில் கண்ணாடிப் பாலம் போடலாம், சிங்கப்பூரில் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று விவரமாக எழுது என்று சொல்லியிருந்தீர்கள். டீக்கடையில் உருவான திட்டம் என்பது பின்னணியில் கேட்ட கிளாஸ் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். கஜா புயலில் விழுந்த மரங்களை அறுத்துப் பழகிய கை என்று என்னை இங்கே மரம் கழிக்கிற கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் டூரிஸ்ட்டுகள் காசு கொடுத்துப் பார்க்கிற இயற்கையை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிறேன்.

முதலில் மலை. இந்த நாட்டின் மிக உயரமான மலை புக்கித் தீமா. உயரம் 163 மீட்டர் சொச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சனம் முதுகில் பை, கையில் ஊன்றுகோல், இடுப்பில் தண்ணீர்ப் புட்டி என்று இமயமலைக்குக் கிளம்பினது மாதிரி வந்து ஏறுகிறது. உச்சியில் ஒரு பாறையில் உயரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வரிசை. அப்பத்தா பார்த்தால், "ஏண்டா, இதுக்கா இம்புட்டு மூச்சு வாங்குறாய்ங்க?" என்று கேட்கும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, காடு அசல் காடு. 1854-ல் வாலஸ் என்கிற வெள்ளைக்காரர் இந்தப் பக்கம் வந்து சுமார் 700 வகை வண்டு பிடித்தாராம். அரை மணி நேரத்தில் ஏறி இறங்குகிற மலைக்கு 700 வண்டு என்றால், நம்ம மலைகளில் யாரும் இன்னும் எண்ணவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அருவி. அருவி பார்க்க இங்கே யாரும் குற்றாலம் மாதிரி ஊர் விட்டு ஊர் போவதில்லை. விமான நிலையத்துக்குப் போனால் போதும். சாங்கியில் 2019-ல் திறந்த கட்டடத்துக்குள் கூரையிலிருந்து 40 மீட்டருக்குத் தண்ணீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் விழுகிற அருவியில் உலகத்திலேயே உயரமானது இதுதானாம். குளிக்க முடியாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனால் போலீஸ் வரும். கடலோரத்தில் இருக்கிற பெரிய தோட்டத்தில் இன்னொரு அருவி, 35 மீட்டர். அதுவும் கண்ணாடிக் கூடத்துக்குள்தான். உயர மலைகளின் குளிர்க்காடு இந்த வெயிலில் வளராது என்பதால் மலைக்கும் காட்டுக்கும் சேர்த்தே ஏசி போட்டுவிட்டார்கள். வெளியே 32 டிகிரியில் நாங்கள் புல் வெட்டுவோம், உள்ளே பூச்செடிகள் குளுகுளுவென்று இருக்கும்.

அதே தோட்டத்தில் 18 இரும்பு மரங்கள் நிற்கின்றன. 25 மீட்டரில் தொடங்கி 50 மீட்டர் வரைக்கும் உயரம். உடம்பெல்லாம் செடி கொடி சுற்றியிருக்கும், ராத்திரியில் விளக்கு எரியும். நாங்கள் வெட்டிக் குவிக்கிற இலை தழை, கிளைகளில் ஒரு பங்கை எரித்துத்தான் அந்த ஏசிக்குச் சக்தி எடுக்கிறார்கள், அந்தப் புகைபோக்கியை இந்த மரங்களில் ஒன்றுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். புகைபோக்கிக்கே மர வேஷம் போட்டவனைக் கும்பிடத்தான் வேண்டும். நம்ம ஊர்த் தைலமரத்தோடு ஒப்பிட்டால் இன்னொரு வசதியும் உண்டு: இரும்பு மரம் நிலத்தடித் தண்ணீரைக் குடிக்காது.

இப்போது நீங்கள் கேட்ட சாகசத்துக்கு வருகிறேன். செந்தோசா என்று ஒரு தீவு. மணலையே வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிக் கடற்கரை ஆக்கினது. அங்கே சிலோசோ கடற்கரையில் 47 மீட்டர் உயரக் கோபுரம். மேலே ஏறினதும் கயிற்றைக் கட்டிவிட்டு, 'குதி' என்கிறார்கள். அதற்கு முன்னால் எடை பார்த்து, 'எனக்கு எது ஆனாலும் நானே பொறுப்பு' என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். காசும் வாங்கிவிடுவார்கள். பக்கத்திலேயே மலைமேலிருந்து கடலை நோக்கி 450 மீட்டர் கம்பியில் சறுக்கிப் போகலாம். பெரிய காற்றுக் குழாய்க்குள் நின்றால் விசிறி கீழேயிருந்து ஆளைத் தூக்கிப் பறக்கவிடும். ஆடியில் நம்ம பொட்டலில் நின்றால் பாதி அனுபவம் இலவசம்.

நான் பார்த்தவரையில் இவர்கள் விற்பது பயம்தான் மச்சான், ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தின பயம். குதிக்கிறவன் அலறுகிற அலறலில் காக்காய் பறக்கும். கீழே அவன் பெண்டாட்டி நிம்மதியாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வீடியோ எடுப்பாள். பயம் அவனுக்கு, பத்திரம் கம்பெனி பொறுப்பு. இந்தக் கணக்கு தவறாமல் நடப்பதற்காக ஒரு பெரிய கூட்டமே கண்ணுக்குத் தெரியாமல் வேலை பார்க்கிறது. கயிற்றைச் சோதிக்க ஒருவர், கொக்கியைச் சோதிக்க ஒருவர், சோதித்தவர் சோதித்தாரா என்று பார்க்க ஒருவர். வெறுங்காலோடு புளியமரத்து உச்சிக்குப் போய் உலுக்கின எனக்கே, உயரத்தில் வேலை பார்ப்பதற்குக் கோர்ஸ் வைத்து, பரீட்சை வைத்து, கார்டு கொடுத்த பிறகுதான் ஏணியைத் தொடவிட்டார்கள்.

காட்டு உயிர்களைப் பார்ப்பதிலும் இதே பத்திரம்தான். சுங்கை பூலோ என்று ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா பக்கத்துப் பறவைகள் வந்து இறங்கும். நிஜ முதலையும் உண்டு. முதலையைக் கண்டால் பதறாமல், மெதுவாகப் பின்னால் நகரவும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். குரங்குக்குத் தின்னக் கொடுத்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். மறுபடி மாட்டினால் 10,000 வரை போகும். விராலிமலையில் படியேறுகிற பக்தர் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்குகிற நம்ம குரங்குகள் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டால் சிரிக்கும். மயில் பார்க்க வேண்டுமானால் செந்தோசாவில் சில திரிகின்றன. வெளியூர்க்காரர்கள் ஓடி ஓடிப் படம் எடுக்கிறார்கள். விராலிமலையில் பிறந்தவனுக்கு அது கோழி மாதிரிதானே? நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ரொம்பப் பெரிய மனுசன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே பிடித்த இடம் உபின் தீவு. சாங்கி முனையில் சின்னப் படகு நிற்கும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். அதுவரை படகுக்காரர் பேப்பர் படிப்பார். அந்தக் காத்திருப்பே ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். தீவின் கிழக்கு ஓரத்தில் செக் ஜாவா என்று சேறும் அலையாத்திக் காடுமாக ஒரு கடற்கரை. அதைத் தூர்த்து நிலமாக்க எல்லாம் தயாராக இருந்தது. ஓதம் வடிந்த நேரத்தில் சனம் போய் நட்சத்திர மீனையும் நண்டையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று எழுதி எழுதி அனுப்ப, 2001 முடிகிற நேரத்தில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். சேற்றில் கால் படாமல் சேற்றைப் பார்க்கலாம்.

அதே அலையாத்தி மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் இருக்கிறது. அதற்குள் படகும் போகிறது. ஆகவே கம்மாயை விடுங்கள். வைகாசியில் தண்ணீர் வற்றின பிறகு கம்பியில் தொங்கி வருகிறவன் கருவேலமுள்ளில்தான் இறங்குவான். நார்த்தாமலைக் கண்ணாடிப் பாலத்தையும் மறந்துவிடுங்கள். மேலே விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மொத்தம் 300 மீட்டர் தள்ளிப் போட்டால் பாலம் எங்கேயாவது தைலமரத் தோப்புக்கு மேலே நிற்கும். கண்ணாடி வழியாகத் தைலமரத்தைப் பார்க்க எவன் வருவான்?

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் ஒன்று போதுமே. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் சமணத் துறவிகள் படுத்த 17 கல் படுக்கைகள், தலையணையோடு. ஒன்றில் இரண்டாயிரம் வருசத்து எழுத்து. இந்தச் சீமைக்காரர்கள் கையில் அது கிடைத்திருந்தால் ஹெல்மெட், டிக்கெட், கீழே டீ-சர்ட் கடை எல்லாம் வந்திருக்கும். ஹெல்மெட் தேவையில்லை. ஆனால் ஏறுகிற இடத்தில் நிழல், குடிதண்ணீர், பெண்கள் நம்பிப் போகிற கழிப்பறை, எது என்ன என்று தெளிவாகச் சொல்ல ஓர் ஆள், இந்த நான்கையும் கிராம சபையில் கேட்டு வாங்குங்கள். கழிப்பறை திறப்பு விழாவுக்குப் பேனர் அடித்தால் சனம் சிரிக்கும்தான், சிரிக்கட்டும்.

இன்னொரு விசயம். எங்கள் சூப்பர்வைசர், சீனர், நல்ல மனுசன், ஜனவரியில் என்னோடு ஊருக்கு வருகிறார். செந்தோசாக் கோபுரத்திலிருந்து குதித்தவர். தச்சங்குறிச்சியில் வருசத்தின் முதல் ஜல்லிக்கட்டைப் பார்க்க வேண்டுமாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று இப்போதே கேட்கிறார். மாடு பிடிக்கிறவர்களுக்கும் மாட்டுக்கும்தான் டாக்டர் சோதனை, பார்க்கிறவனுக்கு ஒரு கையெழுத்தும் கிடையாது என்று சொன்னதும் ஆள் கொஞ்சம் வெளுத்துவிட்டார். மாடு வெளியே ஓடினால் என்ன செய்வது என்றார். முதலைப் பலகை ஞாபகத்தில், பதறாமல் மெதுவாகப் பின்னால் நகரட்டுமா என்று அவரே கேட்டார். பதறி வேகமாக ஓடுவதுதான் எங்கள் ஊர் முறை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேலரியில் மேல் வரிசையாகப் பார்த்து இடம் பிடித்து வையுங்கள். ஆதனக்கோட்டை முந்திரி இரண்டு கிலோ வறுத்து வைக்கச் சொல்லி அக்காவிடம் சொல்லுங்கள். பைக்கில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகிற வேலை மட்டும் உங்களுக்கு வேண்டாம் மச்சான். அவர் காப்பீடு எடுத்திருப்பது மாட்டுக்குத்தான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சினன்