மாப்பிள்ளைக்கு வேலை போகவில்லை

ஃபீனிக்ஸ், அரிசோனா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

  

உங்கள் பெண் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதா, ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருக்கிறாரா?" என்று அத்தை ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாமே. வேலை போகவில்லை என்று முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். காருக்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கால்கள் என்னுடையவைதான். கார் நம் சொந்தக் கார். பல்பு மாற்றுவதற்கே எலக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவன் ஸ்பேனரும் கையுமாகக் கிடக்கிறானே என்றால், அதற்குக் காரணம் இந்த ஊர் விலைவாசி.

இங்கே சாமான் மலிவு மாமா, மனுஷன் கைதான் விலை. காட்பாடி ரோட்டில் நம் பாய் கடையில் வண்டியை விட்டுவிட்டு, எதிரே டீ குடித்து, தினத்தந்தியை மடித்து வைப்பதற்குள் அவர் கதவைக் கழற்றி மாட்டியிருப்பார். கூலி எவ்வளவு என்று கேட்டால், "பார்த்துக் குடுங்க சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இங்கே யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. மணிக்கு 150 டாலர் என்று சுவரிலேயே எழுதி மாட்டியிருக்கிறார்கள். எங்கள் வண்டியில் பழுதான, ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சாதனம் கடையில் 60 டாலர். அதை மாட்டித் தர, வரி உட்பட 430 டாலர் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். பழுதான ஏசிக்கு எஸ்டிமேட் தனி. அந்தக் காகிதத்தை மட்டும் உங்கள் பெண் கண்ணில் படாமல் மடித்து வைத்திருக்கிறேன்.

"புது வண்டி வாங்கிவிடுவதுதானே?" என்பீர்கள். நம்முடையது 2004 மாடல் ஜப்பான் வண்டி. வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு காரின் அடிவயிற்றை அரித்துத் தின்றுவிடும். ஃபீனிக்ஸில் பனியும் இல்லை, உப்பும் இல்லை, ஈரமே இல்லை. அதனால் இங்கே வண்டியின் இரும்பு கிழடாவதே இல்லை. துருப்பிடிக்காத வண்டி வேண்டும் என்று வடக்கத்திக்காரர்கள் இங்கே வந்து தேடி வாங்கிப்போவார்கள். ஆனால் இரும்பை விட்டுவைக்கும் வெயில், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் ஒரு கை பார்த்துவிடும். டாஷ்போர்டு சித்திரை மாதத்து ஏரி மாதிரி வெடித்திருக்கிறது. எஞ்சினோ இன்னும் கல்லூரி மாணவன்.

வேலூர்க்காரனுக்கே வெயிலா என்று சிரிக்காதீர்கள். 2023-இல் இந்த ஊரில் தொடர்ந்து 31 நாள், பகல் வெயில் 43 டிகிரிக்குக் குறையாமல் அடித்தது. ஜூலை மாதம் மத்தியானத்தில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கையுறையைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டுபவர்கள் இங்கே உண்டு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சீட் பெல்ட்டின் உலோக நாக்கு தொடையில் பட்டால் சூடு வைத்தது போலத் தழும்பு விழும்.

இப்படிப்பட்ட ஊரில் முதலில் ஏசி படுத்தது. ஏசி இல்லையே என்று ஜன்னல்களை இறக்கினோம். இறக்கிய இடத்தில் டிரைவர் பக்கக் கண்ணாடி, "டொக்" என்று ஒரு சத்தத்தோடு கதவின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சுவிட்சை அழுத்தினால் உள்ளே மோட்டார் கர்ரென்று சுற்றுகிறது. கண்ணாடி மட்டும் வரவில்லை. சுவிட்சை அழுத்தி ஒரு சத்தமும் வராவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், மோட்டார் என்று தேட வேண்டும். சத்தம் வந்தும் கண்ணாடி வராவிட்டால், அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அந்த வாரம் பார்த்தா புழுதிப் புயல் வர வேண்டும்! இங்கே மழைக்காலம் என்று ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மழை வருகிறதோ இல்லையோ, அதற்கு முன்னால் புழுதி வந்துவிடும். வானத்துக்கும் பூமிக்குமாக ஒரு மண்சுவர் நகர்ந்து வரும். அதில் மாட்டினால் ரோட்டை விட்டு ஒதுங்கி, விளக்கை எல்லாம் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்பது மாநிலச் சாலைத் துறையின் அறிவுரை. பின்னால் வருகிறவன் நம் சிவப்பு விளக்கைப் பார்த்து, ரோடு அங்கேதான் போகிறது என்று நம் மேலேயே வந்து ஏறிவிடுவானாம். உங்கள் பெண் அறிவுரைப்படியே ஒதுங்கி, அணைத்து, உட்கார்ந்தாள். ஜன்னலில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் சொல்லவில்லை. தலையில் அரிசோனாவின் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் மெக்கானிக் ஆனேன்.

இதிலும் ஒரு சிக்கல். எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் வண்டி ரிப்பேர் செய்யக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தம். அடுத்த தெருவில் தனி வீட்டில் ஓர் அமெரிக்கத் தாத்தா இருக்கிறார், ரிட்டயர்டு ஆசாமி. அவருடைய கராஜில் இல்லாத கருவி இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள்தான் இல்லை. விடியற்காலை நான்கரை மணிக்கு வரச் சொன்னார். எட்டு மணிக்கு மேல் இரும்பைத் தொட முடியாது. பாய் கடையில் கையை நீட்டினால் நம்பர் சொல்லாமலே ஸ்பேனர் வந்து உட்காருமே, அதை எடுத்துத் தரும் பையனின் வேலைக்கு உங்கள் பெண்ணைக் கேட்டேன். நான்கரை மணிக்கா என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது பரம சாதாரணம் மாமா. உள்பக்க அட்டை மூன்று நான்கு ஸ்க்ரூக்களில் நிற்கிறது. ஒன்று கைப்பிடிக் குழிக்குள், சின்ன மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டு ஓரத்தை நெம்பினால் பிளாஸ்டிக் கிளிப்புகள் பட் பட்டென்று விடும். இந்த ஊர் வெயிலில் வெந்த கிளிப்புகள் பாதி உடைந்துதான் வரும் என்று தாத்தா முன்னாலேயே ஒரு டஜன் புதுசாக வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார். அட்டைக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். இதைத்தான் பலர் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். ஜன்னல் ஓரமாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும்; அது வண்டிக்குள் வராமல் கீழ்த் துளை வழியாக வெளியே போக வைப்பது இந்தத் தாள். பசையைக் கத்தியால் மெதுவாகப் பிரித்து, திரும்ப அதே இடத்தில் ஒட்ட வேண்டும்.

கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தின் மேலாகப் பெயின்டர்கள் ஒட்டும் நீல டேப்பைக் குறுக்கே போட்டு நிறுத்தினேன். பிறகு பத்தாம் நம்பர் போல்ட்டுகள். பத்தாம் நம்பர் சாக்கெட் தொலைந்து போவது உலகம் முழுக்க ஒரே சட்டம் போலிருக்கிறது. தாத்தாவின் பெட்டியில் ஒன்பது இருக்கிறது, பதினொன்று இருக்கிறது. நல்லவேளையாக, நீங்கள் பெட்டியில் சொருகி அனுப்பிய பத்து-பதினொன்று ஸ்பேனர் கைகொடுத்தது. "இரண்டு பக்கமும் இரண்டு நம்பரா!" என்று தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஊரில் இரண்டு முனையும் ஒரே நம்பராக இருப்பதுதான் வழக்கம்.

பழைய ரெகுலேட்டரை வெளியே இழுத்துப் பார்த்தால், மோட்டார் ஓர் உருளையைச் சுற்றுகிறது, உருளை இரும்புக் கம்பிக் கயிற்றை இழுக்கிறது, கயிறு கண்ணாடியைப் பிடித்திருக்கும் கவ்வியை ஏற்றுகிறது. மோட்டார், உருளை, கயிறு எல்லாம் நன்றாக இருக்கின்றன. அந்தக் கவ்வி, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக், இரண்டாக உடைந்திருந்தது. இதற்குத்தான் 430 டாலர். புதியதைப் பொருத்தி சுவிட்சை அழுத்தினோம். கண்ணாடி கல்யாணப் பெண் மாதிரி மெதுவாக, தலை குனியாமல் ஏறியது. தாத்தா கைதட்டினார்.

அடுத்தது ஏசி. "கேஸ் அடிச்சு விட்டா போதும் சார்" என்று நம் ஊரில் சொல்வார்களே, இங்கேயும் அதே மந்திரம்தான். மளிகைக் கடையிலேயே ஆர்-134ஏ டப்பா கிடைக்கிறது, 340 கிராம். ஆனால் பெட்ரோல் மாதிரி கேஸ் செலவாகிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். முந்தைய சொந்தக்காரர் வருஷா வருஷம் டப்பா அடித்தே ஓட்டியிருக்கிறார் போலிருக்கிறது. இப்போது கேஜ் வைத்துப் பார்த்தால் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. கேஸ் அழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸரை ஓடவிடாமல் ஒரு சுவிட்ச் தடுக்கும். அதனால்தான் ஏசி பொத்தானை அழுத்தினால் வரவேண்டிய அந்த "டிக்" வரவில்லை.

ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? அதே புழுதி. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும். எண்ணெய் மேல் புழுதி ஒட்டும். முன்பக்கக் கண்டென்ஸர் குழாய் இணைப்பில், ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்புத் திட்டாக அப்பியிருந்தது. கழற்றினால் உள்ளே இருந்த ரப்பர் வளையம் கல்லாகியிருக்கிறது. புது வளையம் சில சென்ட். உள்ளே கேஸ் மிச்சம் இருந்தால் இணைப்பை இப்படித் திறந்திருக்க முடியாது. இந்த கேஸைக் காற்றில் வேண்டுமென்றே விடுவது இங்கே சட்டப்படி குற்றம். இதற்கு முன் இருந்த ஆர்-12 ஓசோனைத் தின்றது. 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு, 90-களின் நடுவில் புதுக் கார்களிலிருந்து அதை ஒழித்தார்கள். அதற்குப் பதில் வந்த ஆர்-134ஏ ஓசோனை விட்டுவிட்டது, பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். இப்போது வரும் புதுக் கார்களில் வேறொன்று. அது பல மடங்கு விலை. பழைய கேஸ் மலிவாகக் கிடைப்பது, பழைய கார்க்காரனுக்குள்ள சில சலுகைகளில் ஒன்று.

கேஸ் ஏற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். பம்ப்பை உதிரிபாகக் கடையிலேயே வாங்கிவரலாம். முழு விலையைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், திருப்பிக் கொடுத்தால் முழுப் பணத்தையும் தருகிறார்கள். வாடகை கிடையாது. இதை மட்டும் நம் ஊரில் ஆரம்பித்தால், ஒரே பம்ப் மொத்த ஜில்லாவையும் சுற்றும்.

இந்த வண்டிக்கு எவ்வளவு கேஸ் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அரைக் கிலோ. அதிகமாக அடித்தாலும் குளிர் குறையும் என்பதால், டப்பாவைச் சமையலறைத் தராசில் நிறுத்தி நிறுத்தி ஒன்றரை டப்பா ஏற்றினேன். கம்ப்ரஸர் "டிக்" என்றது. குளிர் வருகிறதா என்று பார்க்க அடுப்படித் தெர்மாமீட்டரைக் காற்றுத் துளையில் சொருகினேன். வெளியே 40, உள்ளே வரும் காற்று 9. தராசையும் தெர்மாமீட்டரையும் சமையலறைக்குள் திரும்பச் சேர்க்க உங்கள் பெண் மறுத்துவிட்டாள். புதுசு வாங்கியாயிற்று. அந்தச் செலவை ரிப்பேர்க் கணக்கில் சேர்ப்பதா, வீட்டுக் கணக்கில் சேர்ப்பதா என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

தாத்தா கதைகளில் ஒன்று சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். 1940 மாடல் பேக்கார்ட் காரில்தான் கம்பெனியிலேயே ஏசி பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தார்களாம். குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! ஏசி வாங்க முடியாதவர்கள் பாலைவனத்தைக் கடக்கும்போது, தண்ணீர் ஊற்றிய ஓர் உருளையை ஜன்னலில் மாட்டிக்கொள்வார்கள். காற்று அதன் ஈரத்தில் புகுந்து வரும். நம் வெட்டிவேர்த் தட்டியேதான். அதை மாட்டக்கூட ஏற்றி நிறுத்துவதற்கு ஜன்னலில் ஒரு கண்ணாடி வேண்டும் என்பதால், நான் அந்த வழியை யோசிக்கவில்லை.

விஷயம் வெளியே பரவிவிட்டது. ஆபீசில் ஒரு தெலுங்குக்காரர், "உங்களுக்கு ஏசி வேலை தெரியுமாமே" என்று சாவியை நீட்டுகிறார். பொங்கலுக்கு நாங்கள் வரும்போது உங்கள் வண்டியில் கூலிங் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அதையும் பார்த்துவிடலாம். அதுவரை யாராவது கேஸ் அடிக்கிறேன் என்றால், எங்கே கசிகிறது என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அத்தைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

ஓரத்தில் நான் எழுதுவது: அப்பா, பின் சீட்டு வலதுபக்கக் கண்ணாடி நேற்றிலிருந்து பாதியில் நிற்கிறது. உள்ளே அதே கர்ர் சத்தம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் என் புதுத் தராசைத்தான் எடுத்துக்கொண்டு போவார்.