அகராதி சார்

எங்கள் தெருவில் சண்டை மூண்டால் முதலில் ஓடிவருவது நாய். அடுத்து அகராதி சார். தெரு வைத்த பெயர்தான். அவருக்கு அதில் ஏகப் பெருமை. வந்ததும் வராததுமாக இருவருக்கும் நடுவே கையை நீட்டி, "இருங்க, இருங்க. அந்த வார்த்தையை நீங்க எந்த அர்த்தத்துல சொன்னீங்க?" என்பார். யார் மேல் தப்பு என்று கேட்டதே இல்லை. அவர் கணக்கில் மனிதர்கள் தப்புச் செய்வதில்லை, சொற்கள்தான் செய்கின்றன.

நில அளவைத் துறையில் இருந்தபோது தொற்றிய வியாதி இது. தஞ்சாவூர்க்காரர் ஒருவரும் புதுச்சேரிக்காரர் ஒருவரும் 'குழி'க் கணக்கில் முட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி நின்றார்களாம். முன்னவருக்குக் குழி 144 சதுர அடி, பின்னவருக்கு 576. நாலு மடங்கு! இவர் அதைச் சொன்னதும் இருவரும் சேர்ந்து டீ குடிக்கப் போய்விட்டார்களாம். அந்த டீயின் ருசி இன்னும் சாருடைய நாக்கை விட்டுப் போகவில்லை.

போன மாதம் கும்பகோணத்து மாமி, மாடியில் குடியிருக்கும் மதுரைத் தம்பியை, "இன்னிக்கு நம்மாத்துல கறி பண்ணியிருக்கேன், சாப்பிட வா" என்று கூப்பிட்டார். அவன் காலை இட்லியைத் தியாகம் செய்துவிட்டு வந்தான். இலையில் விழுந்தது வாழைக்காய்.

"என்ன மாமி, கறின்னீங்க?"

"இது கறி இல்லாம பின்ன என்னடா?"

சார் ஆஜர். "மாமிக்குக் கறின்னா வதக்கின காய். உனக்கு ஆடு. யாழ்ப்பாணத்துல காயும் கறி, மீனும் கறி. சங்க காலத்துல கறின்னா மிளகு!"

மிளகைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் பசித்தவனிடம் நாலு அர்த்தம் சொன்னால் அவனுக்குச் சண்டை போடத் தெம்பு இருக்காது.

காரைக்குடிப் பையன் ஒருவன் எதிர்வீட்டுப் பெண்ணை மரியாதையாக "ஆச்சி" என்று அழைத்தது இன்னொரு நாள். அந்தப் பெண்ணுக்கு ஊர் திருநெல்வேலி; அங்கே ஆச்சி என்றால் பாட்டி. வயது 28. சார் முக்கால் மணி நேரம் விளக்கினார். அவள் கடைசிவரை நம்பவில்லை.

சறுக்கியது மூன்றாம் வீட்டுப் பாகப் பிரிவினையில். அண்ணனும் பாதி கேட்டார், தம்பியும் பாதி கேட்டார். சார் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, "பாதின்னா?" என்றார்.

"கிழக்குப் பாதி" என்றார் அண்ணன்.

"கிழக்குப் பாதி" என்றார் தம்பி.

ஒரே சொல், ஒரே பொருள்! சார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கிழக்குன்னா..." என்று இழுத்தார். அண்ணனும் தம்பியும் ஒன்றாகச் சூரியனைக் காட்டினார்கள்.

தலையைத் தொங்கப்போட்டபடி என்னோடு திரும்பி வந்தார். மாடியிலிருந்து மதுரைத் தம்பியின் குரல் கேட்டது: "சரியான அகராதி புடிச்ச மனுசன்யா!"

சார் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா? இந்தப் பையனாவது என்னைப் புரிஞ்சு வச்சிருக்கான்."

எந்த அர்த்தத்தில் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொந்த ஊர் மதுரைதான். நான் வாயைத் திறக்கவில்லை.