சவுண்டு கார்டு தல புராணம்

எந்தத் தல புராணமும் ஒரு சாபத்தில்தான் தொடங்கும். இந்தப் புராணத்தில் சாபம் கொடுத்த முனிவர் ஐ.பி.எம். 1981-இல் தன் முதல் பி.சி.யை உலகத்துக்கு அனுப்பியபோது, யானைக்குக் கொசுவின் குரலைப் பொருத்தி அனுப்பினார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்பீக்கர். அதை ஆட்டி வைக்க இன்டெல் 8253 என்று ஒரு டைமர் சில்லு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுருதி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. கணக்கெழுத வந்த எந்திரம் தப்பு நடந்தால் 'பீப்' என்று ஒரு தரம் கத்தினால் போதும், அதற்குக் கச்சேரி எதற்கு என்பது முனிவரின் கட்சி.

அந்தச் சாபம் கடல் தாண்டித் தென்காசி வந்து சேர்வதற்குள் தொண்ணூறுகளில் பாதி கழிந்துவிட்டது. அப்போது நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். தனி மாவட்டம் ஆக 2019 நவம்பர் வரை காத்திருந்தவர்கள் என்பதால் பொறுமை எங்கள் ரத்தத்திலேயே உண்டு. ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் என்றால் காசி விஸ்வநாதர் கோயிலுக்கு அடுத்தபடி செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற இடம். கோயில் வாசலில் பொதிகைக் காற்று ஆளைத் தள்ளும். சென்டர் வாசலில் ஏ.சி. காற்று தள்ளும். இரண்டு இடத்திலும் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். சென்டர் அண்ணாச்சி டாஸ், லோட்டஸ், டிபேஸ் சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், மணிக்குப் பத்து ரூபாய்க்கு, கேமும் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் டேவ் என்று ஒரு கேம். அந்த டேவ் குதித்தால் ஒரு கீச்சு, கோப்பையை எடுத்தால் இரண்டு கீச்சு. பிறகு பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989-இல் வந்த இந்த கேமை எழுதியவர் ஜோர்டன் மெக்னர். இசை அவருடைய அப்பா பிரான்சிஸ். ஓடியும் தாவியும் காட்டி இளவரசனுக்கு உடம்பைக் கொடுத்தவர் தம்பி டேவிட். நம் ஊர்க் குடும்பப் படம் மாதிரி எல்லாத் துறையையும் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பாவம், அந்த அப்பா ஆசையாகப் போட்ட அரேபிய மெட்டு, பி.சி. ஸ்பீக்கர் வழியாக வரும்போது கொசு ஆலாபனை பண்ணுவது போலிருக்கும். கத்திச் சண்டை, ஈயப் பாத்திரத்தில் ஆணி. இதற்கே நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

சாப விமோசனத்துக்கு முதல் முயற்சி செய்தது எங்கள் தெரு ரேடியோ மெக்கானிக் மாமா. அமெரிக்காவில் கோவாக்ஸ் என்று ஒரு கம்பெனி, பிரிண்டர் செருகுகிற துளையில் செருகிக்கொள்ள 'ஸ்பீச் திங்' என்று ஒரு டப்பா விற்று வந்தது. அதை ஒரு பழைய பத்திரிகையில் பார்த்துவிட்டு அண்ணாச்சி அதிசயமாகச் சொல்ல, மாமா படத்தைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே வெறும் ரெசிஸ்டர் ஏணி. பிரிண்டருக்குப் போகிற எட்டுக் கம்பியில் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குத் தக்க மின்அழுத்தம் கொடுத்தால், எல்லாம் சேர்ந்து 256 படியில் ஓர் அலை. 10 கே, 20 கே ரெசிஸ்டர்களை வரிசையாகப் பற்றவைத்து, சோப்பு டப்பாவுக்குள் அடைத்து, ஒயரை மைக் செட் ஆம்பிளிஃபையரில் கொடுத்தார். பெரும்பாலான கேம்கள் சோப்பு டப்பாவை மதிக்கவில்லை. மாட் கோப்பு என்று ஃபிளாப்பியில் வரும் பாட்டுகளை மட்டும் அது பாடியது. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அது பாடியதைக் கேட்டு, பக்கத்துத் தெருவில் பந்தியே தொடங்கிவிட்டதாக நினைத்து இரண்டு பேர் வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மாமா மட்டும் அசரவில்லை. "இதுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமா வே? ரேடியோவுல பாதி வேலகூட இல்லையே."

உலகத்தில் இதற்குள் என்னென்னவோ நடந்து முடிந்திருந்தது. கனடாவின் கியூபெக்கில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல் 1987-இல் ஆட்லிப் கார்டைக் கொண்டுவந்தார். அதன் உயிர் யமஹாவின் ஒய்எம்3812 சில்லு. ஒன்பது குரல். வேலை செய்கிற விதம் எஃப்.எம். சிந்தசிஸ். பெயரைக் கேட்டு ரேடியோ என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டு வாத்தியார் பாஷையில் சொன்னால் அது கமகம்தான். ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அசைக்கிறீர்கள். அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் காது அதை அசைவு என்றே ஒப்புக்கொள்ளாது. புதிதாக ஒரு வாத்தியம் பிறந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சவுனிங் இப்படி அசைத்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். யமஹா உரிமம் வாங்கி, அதிலிருந்து டிஎக்ஸ்7 கீபோர்டு செய்து, கடைசியில் அந்த வித்தையை ஒரு சின்னச் சில்லுக்குள் அடைத்தது. ஒன்பது குரலா என்று நெல்லையப்பர் சிரிப்பார்தான். அவர் கோயிலில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண் கொத்து, எந்த டிரைவரும் போடாமல், ரீ-ஸ்டார்ட்டும் கேட்காமல் இத்தனை நூற்றாண்டாக ஸ்வரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆட்லிப் 1992-இல் திவாலானது. காரணம் கேட்டால் உலக வரலாறு ஒன்று சொல்லும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 1989-இல் இறக்கிய சவுண்டு பிளாஸ்டரில் அதே யமஹா சில்லு இருந்தது, கூடவே பேச்சையும் வெடிச்சத்தத்தையும் வாசிக்க வழி இருந்தது, ஜாய்ஸ்டிக் செருக இடமும் இருந்தது, ஒரே கார்டில் மூன்று வேலை என்று சனம் அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லாம் சரி. ஆனால் தென்காசி வரலாறு வேறு. கியூபெக்கில் நமக்கு யார் இருக்கிறார்கள்? சிங்கப்பூர் என்றால் எங்கள் பக்கத்துக் கடையநல்லூரே அங்கே இருக்கிறது. 1941-இலேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்து, 1946-இல் தஞ்சோங் பகார் பக்கம் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கியவர்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில், 1981-இல் ஹார்மோனிகா வாசிக்கிற சிம் வோங் ஹூ என்ற இளைஞர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை போட்டார். அந்தக் கடைதான் கிரியேட்டிவ். ஆட்லிப் தோற்றதற்குக் காரணம் அதற்குக் கடையநல்லூரில் சொந்தபந்தம் இல்லாததுதான் என்று இன்றைக்கும் உறுதியாக நம்புகிறேன்.

எங்களுக்கான சவுண்டு பிளாஸ்டர் 16, என் கூட்டாளியின் சிங்கப்பூர் மாமா பெட்டியில் வந்தது. கோடாலித் தைலம் அரை டஜன், சாரம், சென்ட் பாட்டில், நடுவே துண்டில் சுற்றிய கார்டு. 1992-இல் வெளிவந்த சரக்கு. எங்களிடம் வரும்போது நாலு வயசு. கையில் வாங்கியபோது அதில் தைல வாசம் அடித்தது. கடைசிவரை அந்த வாசம் போகவேயில்லை. கம்ப்யூட்டர் சூடானால் சென்டரில் எல்லாருக்கும் மூக்கடைப்பு நீங்கும்.

கார்டைச் செருகினால் பாடிவிடும் என்று நினைத்தது எங்கள் அறியாமை. மந்திரம் ஒன்று உண்டு. செட் பிளாஸ்டர் ஈக்வல் டூ ஏ220 ஐ5 டி1. நடுவில் வரும் 'ஐ' என்பது ஐ.ஆர்.கியூ. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான். ஒவ்வொரு கார்டும் ஒரு எண்ணில் துண்டு போட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு துண்டு விழுந்தால் சண்டை. ஏழாம் எண்ணில் பிரிண்டர் ஏற்கெனவே குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது தெரியாமல் அண்ணாச்சி கார்டையும் ஏழில் உட்கார வைத்தார். விளைவு, டூம் என்கிற பேய் சுடும் கேமில் ஒரு தரம் சுட்டால் அந்த ஒரு வெடியே "டமா டமா டமா" என்று மறுநாள் காலைவரை தொடரும். ஐந்துக்கு மாற்றிய பிறகுதான் பேய்கள் ஒழுங்காகச் செத்தன.

கார்டோடு இரண்டு பிரகிருதிகள் வந்தார்கள். ஒன்று, மைக்கில் பேசினால் பதில் பேசும் கிளி. குற்றாலத்தில் சீட்டெடுக்கிற கிளியைப் பார்த்து வளர்ந்த எங்களை அது கவரவில்லை. நெல்லும் தின்னவில்லை, ஜாதகமும் சொல்லவில்லை. இன்னொருவர் டாக்டர் ஸ்பெய்ட்சோ. நாம் தட்டச்சு செய்வதைப் படித்து, மனசு சரியில்லையா என்று விசாரிக்கிற இரும்புக் குரல் வைத்தியர். திட்டினால் 'பேரிட்டி எரர்' என்று கோபித்துக்கொண்டு திரையெல்லாம் கொட்டுவார். குற்றாலத்தை வெள்ளைக்காரன் எழுதிய எழுத்தில் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். கோர்ட்டில் டவாலி கூப்பிடுவது போல ஏதோ சொன்னார். வெள்ளைக்காரன் எப்படி எழுதினானோ அப்படியே வாசித்த நேர்மையாளர்.

இப்போது பஞ்சாயத்துக்கு வருகிறேன். 1998-இல் அடுத்த பெட்டியில் ஏடபிள்யூஇ64 என்ற புதுக் கார்டு வந்தது. இதில் நிஜ வாத்தியங்களை ஒலிப்பதிவு செய்து சில்லில் போட்டு வைத்திருக்கிறான், கிட்டார் என்றால் கிட்டார், டிரம் என்றால் டிரம், இனி அந்தக் கமக வேலை எல்லாம் குப்பை என்று கூட்டாளி ஒரே ஆட்டம். நான் பழைய கட்சி. தீர்ப்புச் சொல்ல, சென்டருக்கு எதிர்வீட்டில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த தவில்காரத் தாத்தாவை அழைத்து வந்தோம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை நேரில் கேட்ட காது. அவருக்கு நாற்காலி போட்டு, டூமின் முதல் கட்டத்தை இரண்டு கார்டிலும் ஓட்டினோம். அந்த கேமுக்கு இசை போட்ட பாபி பிரின்ஸ் வக்கீலாக இருந்தவர் என்பதால் பஞ்சாயத்து அவருக்கும் புதிதில்லை.

முதலில் சவுண்டு பிளாஸ்டர் 16. எஃப்.எம். கிட்டார் கரகரவென்று கிளம்பியது. தாத்தா கண்ணை மூடினார், தொடையில் விரல் போட ஆரம்பித்துவிட்டார். "சீவாளி புதுசு. கொஞ்சம் எச்சி பட்டா சரியாயிரும். ஆளு வாசிப்பான்." அடுத்து ஏடபிள்யூஇ64. தாத்தா விரலை நிறுத்தினார். "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசிக்கிறவன் இங்க இல்லல்லா? எங்கயோ வாசிச்சத இங்க வந்து சொல்லுதான்."

நான் இருபத்தைந்து வருஷமாகத் தேடியும் இதைவிடத் தெளிவாக இரண்டு தொழில்நுட்பத்தையும் பிரித்துச் சொன்னவர் இல்லை. எஃப்.எம். சில்லு அந்தக் கணத்தில் அலையைப் பிறப்பிக்கிறது, அசிங்கமாக இருந்தாலும் அது அதன் சொந்தக் குரல். மற்றது, ஒரு மெகாபைட் ரோமுக்குள் ஊறுகாய் போட்ட வாத்தியத்தை எடுத்துப் பரிமாறுகிறது. அதிலும் ஒரு மெகாபைட்டுக்குள் எத்தனை வாத்தியம்! பியானோ முதல் துப்பாக்கிச் சத்தம்வரை அடைத்து, ஒவ்வொன்றுக்கும் குற்றால லாட்ஜில் சீசன் நேரத்து அறை மாதிரி ஆளுக்கு ஒரு முழம். கூட்டாளி தீர்ப்பை ஏற்கவில்லை. தாத்தாவுக்குக் காது மந்தம் என்றான்.

பிறகு ஊருக்குள் 'கம்பாட்டிபிள்' கார்டுகள் வந்து குவிந்தன. உள்ளே வேறு சில்லு இருக்கும்; கேம் கேட்டால் 'நான்தான் சவுண்டு பிளாஸ்டர்' என்று துண்டு போட்டுத் தாண்டும். இதற்கெல்லாம் நாங்கள் ஆச்சரியப்படவில்லை. நின்றிருந்த திருமாலின் தலையில் அகத்தியர் கைவைத்து அழுத்தி, குற்றாலநாதர் லிங்கமாக்கிய கதையைக் கேட்டு வளர்ந்த ஊர். கம்பாட்டிபிள் என்பதே எங்கள் குறுமுனி கண்டது. ஆனால் முனிவரின் வேலையில் சத்தம் கெடவில்லை. இவர்கள் வேலையில் பிரின்ஸ் பானம் குடித்தால் தவளை கத்தியது. ஆடிச் சாரலில் கார்டின் செம்புப் பல்லில் களிம்பு ஏறும். பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகினால் தவளை மறுபடி பானம் குடிக்கும்.

எட்டு பிட்டா பதினாறு பிட்டா என்ற சண்டை மட்டும் தீரவில்லை. எட்டில் 256 படி, பதினாறில் 65,536 படி. காதால் பிரிக்க முடியுமா? கூட்டாளி மாமாவின் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஜூலையில் குற்றாலம் பேரருவிக்குப் போனோம். பொங்குமாகடலில் விழுந்து எழும்பிக் கீழே பாய்கிற சத்தத்தைக் கேசட்டில் பிடித்து, கார்டு வழியாகக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகப் பதிந்தோம். பதினாறு பிட் ஸ்டீரியோவில் ஒரு நிமிஷம் பத்து மெகாபைட் தின்றது. எட்டு பிட் மோனோ, 22 கிலோஹெர்ட்ஸில் ஒன்றேகால் சொச்சம். போட்டுப் பார்த்தால், சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை. எட்டு பிட்டின் குறை என்பது ஓர் இரைச்சல். அருவியும் இரைச்சல். இரைச்சலுக்குள் இரைச்சலை எங்கே தேடுவது? ஹார்டு டிஸ்க்கில் இடமில்லை என்று பெரிய கோப்பை அண்ணாச்சி அழித்துவிட்டார். சின்னது கிடந்தது.

மறு வருஷம் மே மாதம். குற்றாலத்தில் வெறும் பாறை. தென்காசியில் குழாய்க்கு முன்னால் குடங்கள் வரிசை. மத்தியான வெயிலில் சென்டரில் அடைந்து கிடந்த நாங்கள் சலிப்பில் அந்தக் கோப்பைத் திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டு, ஏ.சி.யை இருபதில் வைத்து, சீசன் நடத்திக்கொண்டிருந்தோம். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டியபடி அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏலேய், மேல டேங்கு நெறஞ்சு வழியுது, மோட்டார ஆஃப் பண்ணாம என்னல பண்ணிட்டு இருக்கீய?"

மோட்டார் ஓடவில்லை. டேங்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாடி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியவர், எங்களை வெளியே தள்ளுவதற்கு முன்னால் கேட்ட ஒரே கேள்வி, "இது எந்தக் கார்டுல?" என்பதுதான்.