கடைமடைக்கும் தண்ணீர் வரவேண்டும்

திருவாரூர்ப் பக்கம் நாங்கள் வளர்ந்த தெருவில், திண்ணைக்குத் திண்ணை கரித்துண்டால் வரைந்த தாயக்கட்டம் இருக்கும். ஒரு வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் தெருவுக்கே போதும். அது கிடைக்காத நாளில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்த்துக்கொள்வோம். காய்க்கு வளையல் துண்டும் கூழாங்கல்லும். விதியில் தகராறு வந்தால் பெரியம்மா சொல்வதுதான் தீர்ப்பு.

இப்போது இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்தபிறகு அட்டை, கட்டர், ஸ்டீல் ஸ்கேல், பசையோடு சாப்பாட்டு மேசையில் உட்காருகிறேன். பகலில் அலுவலகம், இரவில் காவிரிப் பாசனத்தை வைத்து நானே ஒரு பலகை விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். ஜூன் 12, மேட்டூர் திறப்போடு ஆட்டம் தொடங்கும். ஒரே வாய்க்காலில் நான்கு பேருக்கு நிலம். குறுவையும் தாளடியும் போடுவதா, சம்பா மட்டும் போதுமா என்று அவரவர் முடிவெடுக்க வேண்டும். தலைமடைக்காரர் எடுத்தது போக மிச்சம்தான் கீழே போகும்.

சிக்கலும் அங்கேதான். இரண்டாவது சுற்றிலேயே கடைமடைக்காரருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போனது. "வயல்லதான் தண்ணி இல்லேன்னா வெளையாட்டுலயுமாடா?" என்று அத்தை கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துகொண்டார். எல்லோருக்கும் சமமாகத் தண்ணீர் பிரித்துப் பார்த்தேன். சண்டை போனது; கூடவே சுவாரசியமும் போனது. ஒருவரோடு ஒருவர் பேசவேண்டிய தேவையே இல்லாமல் நால்வரும் அவரவர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் வாய்க்கால் அப்படியா ஓடியது?

அப்போதுதான் தாயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டையின் நான்கு பக்கங்களில் 0, 1, 2, 3. இரண்டு கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது கூட்டினால் 1, வருவது 2. எட்டுக்கு ஒன்று! தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. பத்துத் தடவை உருட்டியும் விழாமல் போக, நாலில் ஒரு பங்குக்குமேல் வாய்ப்பு உண்டு. ஆனால் 1, 5, 6 அல்லது 12 (இரண்டு கட்டையிலும் 0) விழுந்தால் மறுபடி உருட்டலாம். கடைசியில் இறங்கிய காய்கூட, பழம் பழுக்கப்போகும் காயை வெட்டி வெளியே அனுப்பிவிடும். பின்தங்கியவனைக் கண்டு முன்னே போகிறவன் பயப்படவேண்டும். பெயர் தெரியாத யாரோ யோசித்து, தலைமுறை தலைமுறையாகத் திண்ணைகளில் ஆடி ஆடித் தேய்த்துச் சரிசெய்த விதி அது.

அதைப் பார்த்துத்தான் என் ஆட்டத்தில் ஒரு விதியை மாற்றினேன். தண்ணீர் பற்றாக்குறையான ஆண்டில் எந்த மதகு முதலில் திறக்கும் என்ற முறைப்பாசனச் சீட்டு கடைமடைக்காரர் கையில் இருக்கும். இப்போது தலைமடைக்காரர் இறங்கிவந்து பேரம் பேசுகிறார். ஆட்டம் இன்னும் நீளம்தான். ஆனால் நால்வரும் கடைசிவரை உட்காருகிறார்கள்.

அச்சகத்தில் 500 பெட்டிக்குக் குறைந்து போடமாட்டோம் என்கிறார்கள். அது பெரிய தடையில்லை. பழைய விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதியே ஒரு ஆட்டத்தைச் சோதித்துவிடலாம். கிடைக்காதது ஆள்தான். அன்று மதியம் கட்டை உருளும் சத்தம் கேட்டாலே ஆடுபவர்களைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள்; இன்று ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரைச் சேர்த்து உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. உலகெங்கும் ஆடப்படும் 'கட்டான்' விளையாட்டை உருவாக்கிய ஜெர்மானியர் கிளாஸ் டாய்பர், பல் தொழில்நுட்ப வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில்தான் விளையாட்டுகளை வடிவமைத்தார். 1995இல் அது வெளிவரும் முன் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தவர்கள் அவருடைய குடும்பத்தார்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பாதி முடிந்த விளையாட்டோடு வந்து ஒரு மணி நேரம் கேட்டால் கொடுங்கள். ஆடி முடித்ததும் "நல்லாருக்கு" என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். எந்த இடத்தில் அலுத்தது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.