கணுக்கால் வீக்கம் வளர்ப்பது எப்படி?

கால் பிசகிவிட்டதா? வாழ்த்துகள். அரியலூர் பஸ் நிற்பதற்குள் விக்கிரமங்கலம் கடைத்தெருவில் குதித்தீர்களோ, தலைச்சுமையோடு வரப்பில் சறுக்கினீர்களோ, சுண்ணாம்புக்கல் லாரிக்கு ஒதுங்கி ரோட்டோரப் பள்ளத்தில் காலை விட்டீர்களோ, அது உங்கள் சொந்த விஷயம். வெளிப்பக்கக் கணுக்காலில் தசைநார் கிழிந்து உள்ளே ரத்தமும் நீரும் கசிய ஆரம்பித்துவிட்டன. அடுத்த இரண்டு மூன்று நாளைக் கோட்டைவிடாமல் இருந்தால், சில வாரத்தில் வடிய வேண்டிய வீக்கத்தைப் பொங்கல் வரைக்கும் இழுத்துவிடலாம்.

கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர் 1978இல் நாலு வேலை சொன்னார்: ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல். ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே மாற்றிப் பேசினார். நமக்கு அந்த வம்பே வேண்டாம். நாலில் கட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுவது அது ஒன்றுதான்.

1. விழுந்ததும் எழுந்து நடங்கள். நாலு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் விதி வகுத்தார்கள். அவர்களுக்கு நம் மன உறுதி தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவது அடியை வையுங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்க நம் விக்கிரமங்கலத்தில் சோழர் காலத்துப் புத்தர் சிலை இருக்கிறது. அந்த வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

2. சுளுக்கு வழியுங்கள். நல்லெண்ணெயைச் சூடாக்கி, பிடிவாதமான கட்டைவிரல் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தையே அவர் தேடித் தேடி அழுத்த வேண்டும். நீங்கள் கத்தினால் ‘நரம்பு வழிக்கு வருது’ என்று அர்த்தம். காலால் பிறந்தவர் யாராவது தெருவில் இருந்தால் அவரையும் ஒரு மிதி மிதிக்கச் சொல்லுங்கள். அது இடுப்புப் பிடிப்புக்கான வைத்தியம்தான். அதனால் என்ன, வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது.

3. அடுத்தது முட்டைப் பற்று. உண்மையான புத்தூர் ஆந்திரத்தில் இருக்கிறது. ‘புத்தூர் கட்டு’ போர்டு எல்லா முச்சந்தியிலும் இருக்கிறது. கிட்டத்தில் உள்ள போர்டைத் தேர்ந்தெடுங்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் காய்ந்து ஓடாக இறுகும். வீக்கம் ஏறினாலும் அது ஒரு நூல்கூட இளகாது. கால் உள்ளே திணறும். பிரமாதம்.

4. இனி கிரேப் பேண்டேஜ். புதிதாக வாங்காதீர்கள். பரணில் பாட்டியின் முட்டிவலிக்கு வாங்கியது ஒன்று கிடக்கும். இழுத்துப் பாருங்கள். இழுத்தது இழுத்தபடியே நின்றால் அதுதான் வேண்டியது. ரப்பர் செத்த கிரேப்புக்குச் சீரான அழுத்தம் கிடையாது, கௌரவம் மட்டும் உண்டு.

5. கட்டும் முறைதான் இந்தக் கலையின் உயிர், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்துவார்கள். விரல்களின் அடியில் ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் பாதியை மூடும்படி, குதிகாலையும் சேர்த்து எட்டு போட்டுக்கொண்டே மேலே போவார்கள். கீழே அழுத்தம் கூடுதல், ஏற ஏறக் குறைவு. தேங்கிய நீர் மேலே போக வழி கிடைக்கிறது. நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். கெண்டைக்காலில் ஆரம்பியுங்கள். முதல் சுற்றிலேயே, நெல் மூட்டையின் வாயைக் கட்டுவதுபோல, முழங்காலை முட்டுக்கொடுத்து இழுங்கள். கீழே வரவர லூசாக விடுங்கள். மேலே அணை, கீழே ஏரி. ஒல்லியான இடத்தில் அதே இழுப்பு அதிகமாக அழுத்தும், சுற்றுக்குச் சுற்று அழுத்தம் கூடும். எனவே மிச்சத் துணி முழுவதையும் கணுக்காலுக்கு மேலே ஒரே இடத்தில் சுற்றித் தீருங்கள். குதிகாலைத் திறந்து விடுங்கள். எங்கும் போக முடியாத வீக்கம் அந்தப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். கிளிப் தொலைந்திருக்கும். ஊக்கு குத்துங்கள், தோலையும் சேர்த்து.

6. விரல்களை மூடுங்கள். நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் கட்டைத் தளர்த்த வேண்டும் என்று ஒரு சோதனை உண்டு. மேலே சாக்ஸ் போட்டுவிட்டால் சோதிக்கவே வழியில்லை. விரல் நீலமாகி, சில்லிட்டு, மரத்துப்போகிறதா? வலி குறைந்துவிட்டது என்று மகிழுங்கள். சர்க்கரை நோயாளிகள் கொடுத்துவைத்தவர்கள்; பாதம் ஏற்கெனவே மரத்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் தெரியாது.

7. படுக்கப் போகும்போது அவிழ்க்காதீர்கள். இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் படுங்கள்.

8. காலைத் தொங்கப் போடுங்கள். ஸ்ரீபுரந்தானில் களவு போய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் நின்று, 2014இல் நாடு திரும்பிய நடராசர் இத்தனை அலைச்சலிலும் தூக்கிய காலை இறக்கவில்லை. ஆனால் அவரே இடுப்போடு நிறுத்திக்கொண்டார். வீக்கம் வடிய வேண்டுமானால் படுத்துத் தலையணை அடுக்கி நெஞ்சுக்கு மேலே தூக்க வேண்டுமாம். அவரை மிஞ்சுவது அபசாரம். நாற்காலியை வாசலில் போட்டு, கட்டு தெருவைப் பார்க்கும்படி உட்காருங்கள். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வரும்.

9. ஆபரேஷன் ஆனவர்களே, உங்களுக்கும் இடம் உண்டு. பிளேட் வைத்த கணுக்காலில் மாலை நேர வீக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் இருக்கலாம். நீங்களோ மூன்றாவது வாரமே ‘இன்னும் வடியலியே’ என்று டாக்டர் போட்ட கட்டைப் பிரித்து, உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள். கெண்டைக்கால் இறுகிச் சூடாக வலிக்கிறதா? ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஓடு என்பார்கள். கூடவே மூச்சும் வாங்கினால் வாயுத்தொல்லை என்று முடிவுகட்டி, பெருங்காயம் போட்டு மோர் குடியுங்கள். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் திறந்தது, எங்கும் ஓடிப்போகாது.

10. ஒருநாள் நம்மையும் மீறிக் கால் சரியாகிவிடும். கிரேப்பைத் துவைக்காதீர்கள், சுருட்டாதீர்கள், அப்படியே பரணில் வீசுங்கள். இப்போது உங்களுக்கு அனுபவம் வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் யாருக்கோ கால் பிசகிவிட்டதாம். அதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த வீட்டுப் பிள்ளை எக்ஸ்ரே எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம், சீக்கிரம்.