வேப்பங்கிளைக்கு ஒரு பதவி

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்கள் ஊர்ப் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள், பொருந்தும்.

பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் தெரு. நட்டநடுவில் பாதாளச் சாக்கடைக் குழி. மூடி உடைந்து பாதி உள்ளே விழுந்துவிட்டது. குழிக்குள் ஒரு வேப்பங்கிளையை நட்டு, அதன் உச்சியில் கிழிந்த சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். இலையெல்லாம் சருகாகிக் கொட்டியிருந்தது. பக்கத்திலேயே பச்சையாக இன்னொரு கிளை. எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "இது மூணாவது கிளை சார். காயக் காய மாத்துறோம்" என்றார் பெருமையாக. பராமரிப்பு என்ற சொல்லுக்கு அந்த ஊரில் அர்த்தம் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

கிளை செய்கிற வேலையை யோசித்துப் பாருங்கள். தெருவிளக்கு எரியாத தெருவில் ராத்திரி முழுக்க நிற்கிறது. வேகமாக வருகிற பைக்கை ஒதுக்கிவிடுகிறது. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு வழி காட்டுகிறது. சம்பளம் கேட்டதில்லை, கமிஷன் கேட்டதில்லை, "இது எங்கள் துறைக்கு வராது" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆகவே நகர்மன்றத்துக்கு என் பணிவான வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக இதை வையுங்கள்: "குழியில் நிற்கும் மேற்படி வேப்பங்கிளையை இந்நகரின் பாதுகாப்புப் பொறியாளராக நியமிக்கவும், அது காயும்போது வாரிசு அடிப்படையில் அடுத்த கிளைக்கு வேலை கொடுக்கவும் மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது." எதிர்ப்பு இருக்காது. மன்றத்தில் எதைத்தான் படித்துப் பார்த்து எதிர்த்தார்கள்? பொருள் எண்ணை ஒருவர் வேகமாக வாசிப்பார், இன்னொருவர் மேசையைத் தட்டுவார். உறுப்பினர் அம்மாவுக்குப் பதில் அவர் வீட்டுக்காரர் வெளியே ஒப்பந்ததாரரோடு பேசிக்கொண்டிருப்பார். டீயும் முறுக்கும் வருவதற்குள் எல்லாத் தீர்மானங்களும் "ஒருமனதாக" நிறைவேறிவிடும். குழி மட்டும் நிறையாது.

மன்றம் வேகமாக வேலை செய்யாது என்று யாரும் பழி சொல்லக் கூடாது. தமிழ்நாட்டு நகரங்களில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் ஊர் கிடந்தது. புதியவர்கள் மார்ச்சில் பதவியேற்றார்கள். ஏப்ரல் பிறந்ததும் வீடுகளுக்கு 25 முதல் 150 சதவீதம் வரை சொத்து வரி உயர்வு என்ற அறிவிப்பு வந்துவிட்டது. அரசு சொன்னது, மன்றங்கள் தலையாட்டின. வரிக்கு ஒரு மாதம் போதும். மூடிக்கு மட்டும் மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர், மறுடெண்டர், நிதி ஒதுக்கீடு, தேர்தல் நன்னடத்தை விதி என்று ஏழு கடல் தாண்ட வேண்டும்.

குழிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஆள் விழும்வரை அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. விழுந்த பிறகு அது யாருடையதும் இல்லை. மாநகராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் காட்டும், நெடுஞ்சாலைத் துறை குடிநீர் வாரியத்தைக் காட்டும், குடிநீர் வாரியம் மின்வாரியத்தைக் காட்டும், எல்லோரும் சேர்ந்து ஒப்பந்ததாரரைக் காட்டுவார்கள். ஒப்பந்ததாரர் மட்டும் யாரையும் காட்டமாட்டார். அவருக்குத்தான் எல்லோரையும் தெரியுமே!

2022 அக்டோபரில் சென்னையில், மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து இளம் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் ஒருவர் இறந்தார். அதன் பிறகு தடுப்பு வேலி வைக்கச் சொல்லி உத்தரவுகள் பறந்தன. 2025 ஆகஸ்டில் சென்னை கண்ணகி நகரில், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிய தூய்மைப் பணியாளர் ஒருவர், தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஊரைச் சுத்தம் செய்யப் போனவரை ஊரின் தண்ணீரே கொன்றது. இரண்டுக்கும் இரங்கல் வந்தது, நிவாரணம் வந்தது. உள்ளாட்சியிலும் அரசிலும் தாமதமே இல்லாமல் கிடைக்கும் ஒரே சேவை நிவாரணம். அதைப் பெற ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: செத்திருக்க வேண்டும்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. இறங்கிச் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நீதிமன்றம் சொன்னது இனி ஒருவரும் சாகக் கூடாது என்பதற்காக. நம் உள்ளாட்சிகளின் காதில் விழுந்ததோ புதிய விலைப்பட்டியல். 1993 முதல் இப்படிச் செத்தவர்களின் எண்ணிக்கையை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்தபோது, பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. எல்லாத் துறையிலும் முதலிடம் என்று மேடைதோறும் முழங்குபவர்கள் இந்த ஒன்றை மட்டும் தன்னடக்கத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னையின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. ஊர்க் குப்பையைக்கூட இவ்வளவு வேகமாக அள்ளியதில்லை. மறுநாளே அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு என்று அறிவித்தது. கேட்டது வேலை, கிடைத்தது இட்லி.

சென்னையில் புகார் சொல்ல ஓர் எண் உண்டு: 1913. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913தான். தற்செயலோ என்னவோ, ரொம்பப் பொருத்தம். நாம் இந்த நூற்றாண்டிலிருந்து கூப்பிடுகிறோம், மணி அந்த நூற்றாண்டில் அடிக்கிறது. 1688இல் பிறந்த, இந்தியாவிலேயே மூத்த மாநகராட்சி சென்னையுடையது. வயதானவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது இயல்புதானே!

சிரித்தது போதும். தெருவிளக்கும் சுகாதாரமும் தீயணைப்பும் நகர உள்ளாட்சியிடம் ஒப்படைக்கக்கூடிய வேலைகள் என்று அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணை சொல்கிறது. மூடியில்லாத குழி விதி அல்ல. யாரோ ஒருவர் கையெழுத்துப் போடாததன் பெயர்தான் அந்தக் குழி. அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் நம்மிடம் ஓட்டு வாங்கியவர், அல்லது நம் வரியில் சம்பளம் வாங்குபவர்.

எனவே, அடுத்த முறை உங்கள் தெருக் குழியில் கிளை நடும்போது சிவப்புத் துணியோடு ஓர் அட்டையையும் கட்டுங்கள். குழி திறந்த தேதி, புகார் கொடுத்த தேதி, புகார் எண், வார்டு உறுப்பினரின் பெயர், பொறியாளரின் பதவி, ஒப்பந்ததாரரின் பெயர், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கிளை காய்ந்தால் மாற்றுங்கள். அட்டையை மட்டும் மூடி வரும்வரை கழற்றாதீர்கள்.